நடை சொல்லும் செய்தி: எம்.எஸ். நோயில் வீடியோ கேமராவின் பயன்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயுள்ள ஒருவர் மருத்துவரின் அறைக்குள் நடந்து வருகின்றார். கதவிலிருந்து நாற்காலி வரை எட்டுப் பத்து அடி தூரம் இருக்கலாம். நடை ஏறக்குறைய இயல்பாகவே உள்ளது. நடப்பதில் சிரமம் உண்டா என்று மருத்துவர் வினவுகின்றார். "இங்கே நன்றாகத்தான் நடக்கிறேன், டாக்டர். பெரிய மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்போதுதான் வலது கால் இழுக்கிறது" என்பது விடை. உடன் வந்தவர், "காலையில் ஒன்றுமே இல்லை, மாலையில்தான் இப்படிச் சொல்கிறார்" என்று சேர்த்துக்கொள்கின்றார். அச்சொற்களில் கவலையும் உண்டு, சிறிது ஐயமும் உண்டு. இத்தகைய உரையாடல் எந்த நரம்பியல் புறநோயாளர் பிரிவிலும் கேட்கக்கூடியதே.

அறைக்குள் நடந்த நடையும் உண்மை. மார்க்கெட்டிலிருந்து திரும்பிய நடையும் உண்மை. ஆனால் மருத்துவக் குறிப்பேட்டில் ஏறுவது முதல் நடை மட்டுமே. மருந்தை மாற்றுவதா, இயன்முறைப் பயிற்சியைக் கூட்டுவதா, காலுக்குத் தாங்கி பொருத்துவதா என்னும் முடிவுகள் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. எனவே இரண்டாவது நடையையும் மருத்துவரின் கண்முன் கொண்டுவரும் வழி ஏதேனும் உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எம்.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் இந்நோயில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த நரம்புகளின் மேலுறையையே தாக்குகின்றது. மயலின் எனப்படும் அவ்வுறை சிதைந்த இடங்களில் நரம்புச் செய்தி தயங்கிச் செல்லும். சில வேளைகளில் நின்றே போகும். தமிழில் இதனைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுவோர் உண்டு. தண்டுவடம் மட்டுமன்றி மூளையும் பார்வை நரம்பும் பாதிக்கப்படுவதால் அப்பெயர் முழுப் பொருத்தம் உடையதன்று. ஆகவே இங்கு எம்.எஸ். என்றே குறிப்பிடுகின்றோம்.

உறை இழந்த நரம்பு சிறிது நேர வேலைக்குத் தாக்குப்பிடிக்கும். வேலை நீண்டால் தளரும். உடலின் வெப்பம் சற்றே உயர்ந்தாலும் தளரும். உடலுழைப்புக்குப் பின் இந்நோயாளரின் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் பதிவு செய்தார். பார்வைக்கு நேர்வது நடைக்கும் நேரும் என்பது பின்னர் தெளிவாயிற்று. புதுச்சேரியின் மே மாத நண்பகலை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். குளிரூட்டிய அறையில் பத்தடி நடப்பவரும், அக்கினி நட்சத்திர வெயிலில் பேருந்து நிலையத்திலிருந்து வீடு திரும்புபவரும் ஒரே மனிதர்தாம். ஆயினும் அவ்விரு வேளைகளிலும் அவருடைய நரம்புகள் ஒன்றுபோல் இயங்குவதில்லை. "சோம்பல்", "மனம்தான் காரணம்" என்று வீட்டார் சொல்லிவிடும் பல சிரமங்களுக்கு இதுவே விளக்கம்.

அளவுகோல்களும் அவற்றின் இடைவெளிகளும்

எம்.எஸ். நோயின் நிலையை அளக்க உலகெங்கும் பயன்படுவது, அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜான் கர்ட்ஸ்கி 1983-இல் விரிவாக்கி வெளியிட்ட இ.டி.எஸ்.எஸ். என்னும் அளவுகோல். இது 0 முதல் 10 வரை, அரை அரை புள்ளியாக ஏறும். நடுப்பகுதியை எட்டியதும் இந்த அளவுகோல் ஏறக்குறைய நடையை மட்டுமே பார்க்கின்றது. துணையின்றி 500 மீட்டர் நடக்க இயன்றால் 4.0, 200 மீட்டர் மட்டும் இயன்றால் 5.0, 100 மீட்டர் நடக்க ஒரு பக்கம் கைத்தடி வேண்டுமெனில் 6.0. நம் கடற்கரைச் சாலையின் நீளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கை நிற்காமல் நடக்க முடிகின்றதா என்பதே இங்கு எழும் வினா. நெரிசல் மிகுந்த ஒரு புறநோயாளர் நாளில் எந்த மருத்துவராலும் நோயாளருடன் 500 மீட்டர் நடந்து பார்க்க இயலாது. "எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்வதே பெரும்பாலும் நடைபெறுகின்றது. தூரத்தை மனத்தால் மதிப்பிடுவதில் நம்மில் எவருமே வல்லவர் அல்லர்.

மற்றொன்று, 25 அடித் தூரத்தை, அதாவது 7.62 மீட்டரை, பாதுகாப்பாக இயன்ற அளவு விரைந்து கடக்கும் நேரத்தை அளக்கும் சோதனை. எளியது; ஒரு நிறுத்துக்கடிகாரம் போதும். முன்னர் எடுத்த நேரத்தைவிட 20 விழுக்காடு மாறினால் அம்மாற்றத்தைப் பொருட்படுத்த வேண்டும் என்பது பொதுவான நெறி. 6 நொடியில் கடந்தவர் 7.2 நொடி எடுத்தால் அது கவனத்துக்குரியது. ஆனால் கடிகாரம் எவ்வளவு நேரம் என்று மட்டுமே சொல்லும். ஏன் என்று அதனால் சொல்ல முடியாது. பாதத்தின் முன்பகுதி தொங்குவதால் மெதுவாக நடப்பவரும், தொடைத் தசையின் இறுக்கத்தால் மெதுவாக நடப்பவரும், சமநிலை தடுமாறுமோ என்னும் அச்சத்தால் மெதுவாக நடப்பவரும் கடிகாரத்துக்கு ஒருவரே. மருத்துவத்திலோ மூவருக்கும் மூன்று வேறு வழிகள்.

கேமரா பயன்படுவது இந்த இடைவெளியில்தான்.

பாரிசில் தொடங்கிய கதை

நம் ஊருக்குச் சற்று நெருக்கமான வரலாறு இது. 1868-இல் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான்-மார்த்தன் ஷார்கோ இந்நோயைத் தனி நோயாக வரையறுத்து, பிரெஞ்சு மொழியில் 'ஸ்க்லெரோஸ் ஆன் ப்ளாக்' என்று பெயரிட்டார். பிரான்சில் சிகிச்சை பெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்புவோரின் அறிக்கைகளில் இன்றும் இப்பெயரே இருக்கும், அது எம்.எஸ். அன்றி வேறு நோய் அன்று. பிரெஞ்சுக்காரர் 1823-இலேயே மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கிய ஊர் நம்முடையது. ஆகவே இப்பெயர் இங்கு வந்துசேர்ந்ததில் வியப்பில்லை.

ஷார்கோ காலத்துப் பாரிசிலேயே எத்தியேன்-ழூல் மரே என்னும் உடலியல் அறிஞர் வாழ்ந்தார். 1882-இல் அவர் துப்பாக்கி வடிவில் ஒரு கேமராவை உருவாக்கினார். அது ஒரு நொடியில் 12 படங்களை எடுத்தது. அதற்கடுத்து அவர் செய்தது இன்னும் நுட்பமானது. ஒரு மனிதருக்குக் கறுப்பு உடை அணிவித்து, கை கால்களின் நெடுகே வெண்பட்டைகளையும் மூட்டுகளில் வெண்புள்ளிகளையும் பொருத்தி, கறுப்புத் திரையின் முன் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். மனிதர் மறைந்தார், கோடுகளும் புள்ளிகளும் மட்டும் படத்தில் நடந்தன. இன்று கணினித் திரையில் நாம் காணும் குச்சி மனித உருவத்துக்கு மூதாதை அந்தப் படமே.

ஷார்கோவிடம் பயின்ற ருமேனிய மருத்துவர் கியோர்கே மரினெஸ்கு, 1898-இல் புக்காரெஸ்ட் நகரில் பக்கவாத நோயாளர்களின் நடையைத் திரைப்படக் கருவியால் பதிவு செய்தார். திரைப்படம் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டு அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. படச்சுருளின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் கால்களின் வடிவை வரைந்தெடுத்து அவர் ஒப்பிட்டார். வேடிக்கை பார்ப்பதற்கென்று உலகம் கொண்டாடிய கருவியை நோயாளருக்காக முதலில் திருப்பியவர்களுள் அவர் ஒருவர்.

விளையாட்டுக் கருவி மருத்துவமனைக்கு வந்தது

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடை ஆய்வுக்கூடங்கள் உருவாயின. மூட்டுகளில் ஒளியைத் திருப்பும் சிறு பந்துகளை ஒட்டி, சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்களை நிறுத்தி, தரையில் அழுத்தம் அளக்கும் பலகைகளைப் பதித்து அளப்பது அம்முறை. துல்லியத்தில் இன்றும் அதற்கே முதலிடம். ஆனால் செலவு மிகுதி. பந்துகளை ஒட்டவே நெடுநேரம் ஆகும். களைப்பையே முதன்மைத் துன்பமாகக் கொண்ட எம்.எஸ். நோயாளருக்கு அது தனிச் சுமை.

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வீடியோ விளையாட்டுக்காகக் கினெக்ட் என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எதிரே நிற்பவரின் உடல் ஒவ்வொரு பகுதியும் கருவியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அகச்சிவப்பு ஒளியால் அது அளந்தது. உடலில் எதையும் ஒட்டவேண்டியதில்லை. பெர்லின் நகரின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், எம்.எஸ். நோயாளர்களை இக்கருவியை நோக்கி விரைந்து நடக்கச் செய்து, வேகத்தோடு உடலின் பக்கவாட்டு அசைவையும் அளந்து 2014-இல் வெளியிட்டனர். குறையும் இருந்தது. ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு அப்பால் கினெக்ட் உடலை நம்பகமாகப் பின்தொடர்வதில்லை. சில அடிகளிலேயே சோதனை முடிந்துவிடும். நெடுநடைத் தளர்ச்சி அதில் அகப்படாது.

அசெஸ் எம்.எஸ். என்னும் மற்றொரு திட்டத்தில் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனை, நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம், கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் ஆகியவை இணைந்தன. மருத்துவர் இடும் மதிப்பெண்ணைக் கணினியும் இடக் கற்க வேண்டும் என்பது நோக்கம். அதற்கு முதலில் மருத்துவர்களின் மதிப்பெண்கள் சீராக இருக்க வேண்டுமே! ஒரே பதிவைப் பார்த்து நரம்பியல் மருத்துவர்கள் வெவ்வேறு மதிப்பெண் இடுவது புதிதன்று. ஆனால் பல பதிவுகளை அருகருகே வைத்து, எது மோசம், எது மேல் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது அவர்களுடைய தீர்ப்புகள் பெரிதும் ஒத்துப்போயின. கணினிக்காக நடத்திய ஆய்வில் கிடைத்த இச்சிறு உண்மைதான், என் கருத்தில், நம் நோயாளர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. ஒரு வீடியோவைத் தனியே பார்ப்பதைவிட, சென்ற ஆண்டின் வீடியோவையும் இவ்வாண்டின் வீடியோவையும் அடுத்தடுத்துப் பார்ப்பது தெளிவு தரும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

கினெக்ட் உற்பத்தி 2017-இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓப்பன்போஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டனர். சாதாரண வீடியோவிலிருந்தே தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் இடங்களைக் கணிப்பது அதன் பணி. கூகுள் நிறுவனத்தின் மென்பொருள் ஒன்று கைப்பேசியிலேயே 33 புள்ளிகளைக் குறிக்கின்றது. மரேயின் வெண்புள்ளிகளை இனி ஒட்டவேண்டியதில்லை; கணினியே ஒட்டிக்கொள்கின்றது.

கேமரா எதைக் காண்கின்றது?

ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மீண்டும் தரையைத் தொடும் வரை ஒரு நடைச் சுழற்சி. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் அக்கால் தரையில் ஊன்றியிருக்கும். 40 விழுக்காடு காற்றில் வீசும். இரு பாதங்களும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரம் இயல்பான நடையில் 20 விழுக்காடு. சமநிலையில் நம்பிக்கை குறையும்போது இந்த இரட்டை ஊன்றல் நீள்கின்றது, அடிகள் குறுகுகின்றன, கால்கள் அகன்று வைக்கப்படுகின்றன. நடப்பவர் இதனை உணர்வதே இல்லை. ஒரு நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரணக் கைப்பேசியில், அரை நொடியில் முடியும் ஓர் அடிக்குப் பதினைந்து படங்கள் கிடைக்கின்றன. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் வெறுங்கண்ணுக்குத் தப்புவது புலப்படும்.

குறிப்பாகக் கால் விரல் நுனியைப் பாருங்கள். கால் முன்னோக்கி வீசும்போது விரல் நுனிக்கும் தரைக்கும் இடையே இயல்பாகவே ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிதான் உண்டு. பாதத்தைத் தூக்கும் தசை தளர்ந்தால் அந்த இடைவெளி மறைந்து, விரல் நுனி தரைவிரிப்பிலும் வாசற்படியிலும் இடறும். அதைத் தவிர்க்கச் சிலர் இடுப்பை உயர்த்திக் காலை அரைவட்டமாகச் சுழற்றி வைப்பர். சிலருக்கு ஊன்றும் முழங்கால் பின்னோக்கி வளையும். இவற்றைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த பதிவில் இயன்முறை மருத்துவர் சில நொடிகளில் கண்டுகொள்வார். கணுக்கால் தாங்கி தேவையா, தசை இறுக்கத்துக்கான மருந்தின் அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதற்கு அது துணைபுரியும். இறுக்கம் தளர்த்தும் மருந்து மிகுந்தால், அவ்விறுக்கத்தையே ஊன்றுகோலாகக் கொண்டு நின்ற கால் துவண்டுவிடுவதும் உண்டு.

மருந்தின் பயனை அறியவும் இது உதவும். எம்.எஸ். நோயாளரின் நடையை மேம்படுத்த டால்ஃபாம்ப்ரிடின் என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2010-இல் ஒப்புதல் அளித்தது. ஆய்வுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அல்லது அதற்குச் சற்று மேற்பட்டோருக்கே நடைவேகம் தொடர்ந்து கூடியது. வலிப்பு வந்தவர்களுக்கு இம்மருந்து ஆகாது. இத்தகைய மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை "கொஞ்சம் பரவாயில்லை" என்னும் சொல்லைக்கொண்டு முடிவு செய்வதைவிட, தொடங்குமுன் எடுத்த பதிவையும் பின்னர் எடுத்ததையும் ஒப்பிட்டு முடிவு செய்வது மேல்.

வீட்டில் பதிவு செய்ய விரும்பினால்

முதலில் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விழும் வாய்ப்பு மிகுந்தவர்கள் வீட்டில் இதனை முயலவே வேண்டாம். மற்றவர்களும் தனியே செய்யலாகாது. தளர்ந்த காலின் பக்கம், அரை அடி பின்னே ஒருவர் உடன் நடக்க வேண்டும். அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. வீட்டில் இருவர் மட்டுமே எனில் கைப்பேசியை ஒரு முக்காலியின் மேல் இடுப்பளவு உயரத்தில் நிறுத்திவிட்டு உடன் நடங்கள்.

பழைய வீடுகளின் தாழ்வாரமும், குடியிருப்புகளின் நீண்ட நடைபாதையும் இதற்கு ஏற்றவை. இரண்டடி டைல்ஸ் பதித்த தரையில் பன்னிரண்டரை டைல்ஸ் 25 அடி. அளவு நாடாவைத் தேட வேண்டியதில்லை. மிதியடிகளை அகற்றிவிடுங்கள், தரை ஈரமாக இருக்கக் கூடாது. நடப்பவரின் முழு உடலும், குறிப்பாகப் பாதங்கள், சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை பக்கவாட்டிலிருந்தும் ஒருமுறை எதிரிலிருந்தும் எடுத்தால் போதும். நடப்பவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே படம் பிடிக்கும் வழக்கம் இருவருக்கும் ஆபத்து.

உடை முக்கியம். புடவையும் வேட்டியும் நைட்டியும் முழங்காலை மறைப்பவை. மருத்துவரின் கண்ணுக்கும் அது இடையூறு. கணினியோ மறைந்த மூட்டின் இடத்தை ஊகித்துவிடும், ஊகித்ததாகச் சொல்லவும் செய்யாது. ஒட்டிய கால்சட்டையோ, லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவதோ போதும். வழக்கமாகத் தடி பிடிப்பவர் தடியுடனே நடக்கட்டும்.

கேமராவின் முன் எல்லாரும் சற்று நிமிர்ந்தே நடப்பர். இது மனித இயல்பு. ஆகவே "நன்றாக நட", "நேராக நட" என்று ஊக்கப்படுத்த வேண்டாம். ஒரே நாளில் இரு பதிவுகள் எடுக்க மருத்துவர் சொன்னால், ஒன்று ஓய்வுக்குப் பின், மற்றொன்று வழக்கமான வெளிவேலை முடிந்து திரும்பியவுடன் என வைத்துக்கொள்ளலாம். கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய இரண்டாவது நடை அப்போதுதான் வெளிப்படும். பதிவின் தொடக்கத்திலேயே தேதி, நேரம், கடைசியாக மருந்து உட்கொண்ட வேளை, காய்ச்சல் உண்டா இல்லையா என்பவற்றை வாயால் சொல்லிவிடுங்கள். அடுத்த முறையும் அதே இடம், அதே வேளை, அதே காலணி. டிசம்பர் மழைக்காலத்துப் பதிவை மே மாதப் பதிவோடு ஒப்பிட்டு அஞ்சுவோர் உண்டு. வெயிலின் பங்கை அதில் கழித்துப் பார்க்க வேண்டும். வாரந்தோறும் எடுப்பதும் நன்றன்று. நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் இந்நோயின் இயல்பு; அடிக்கடி பார்த்தால் மனக்கலக்கமே மிஞ்சும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை உங்கள் மருத்துவர் கூறுவார்.

நடை திடீரென மோசமானால் வீடியோ எடுப்பது முதல் வேலை அன்று. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் பழைய குறிகள் மீண்டும் தலைகாட்டும். அது நோயின் புதிய தாக்குதல் அன்று, தொற்று நீங்கினால் தணியும். காய்ச்சலும் தொற்றும் இன்றி, புதிய தளர்ச்சி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது புதிய தாக்குதலாக இருக்கலாம். எதுவாயினும் மருத்துவமனைக்கு உடனே தெரிவியுங்கள்.

கேமராவால் காண இயலாதவையும் பல. உள்ளங்கால் மரத்திருப்பது, கால் எரிச்சல், சிறுநீர் அவசரத்தால் நடையை விரைவாக்குவது, விழுவோமோ என்று கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டது ஆகியவற்றை நோயாளர்தான் சொல்ல வேண்டும். கைப்பேசிச் செயலி ஒன்று உங்கள் நடைக்கு மதிப்பெண் கொடுத்தால், அதனை நம்பி மருந்தை மாற்றிவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, எம்.எஸ். நோயையும் 21 வகை மாற்றுத்திறன்களுள் சேர்த்துள்ளது. அதற்கான சான்றிதழ் மருத்துவக் குழுவின் நேரடிப் பரிசோதனையால் வழங்கப்படுவது. வீடியோ அதற்கு மாற்றாகாது. எனினும், பரிசோதனை நாளில் நன்றாக நடந்துவிட்ட ஒருவர், தம் மற்ற நாள்களைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதற்கு அது துணை நிற்கும்.

இறுதியாக, அந்தரங்கம். நடையைக் காட்ட முகம் தேவையில்லை. கழுத்துக்குக் கீழே சட்டகத்தை நிறுத்தலாம். நோயாளரின் ஒப்புதல் இன்றி, மகனோ மகளோ ஆயினும், பதிவு செய்யக் கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிரவும் கூடாது. மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், 'டாகுமென்ட்' என்னும் வழியில் அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிப் பாதத்தின் அசைவு மங்கிவிடும். கோப்புக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டு, கைப்பேசி மாற்றும்போது தொலையாதபடி வேறிடத்திலும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆலோசனைக்கு வரும்போது பழையதையும் புதியதையும் சேர்த்தே கொண்டுவாருங்கள்.